பல்லில் திடீர்ச் சிக்கல்: எதற்கு உடனே ஓட வேண்டும், எது விடியும்வரை தாங்கும்

பல் விஷயத்தில் வலியின் அளவும் ஆபத்தின் அளவும் சேர்ந்து போவதில்லை. லயத்து வீட்டு வரிசை முழுவதையும் எழுப்பிவிடும் இரவு வலி பெரும்பாலும் காலை கிளினிக்வரை தாங்கும். வலி விட்டுவிட்டது என்று படுத்தவரின் தாடைக்கு அடியில் இறங்கும் வீக்கமோ மூச்சையே அடைத்துவிடும். ஆகவே எவ்வளவு வலிக்கிறது என்பதை விட்டுவிட்டு, கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று பார்த்துக் கீழே உள்ளதைப் படியுங்கள். டவுனுக்கு இறங்க வாகனம் தேட வேண்டியிருக்கும் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் முதல் அரை மணி நேரம் வீட்டில் இருப்பவர்கள் கையில்தான் இருக்கிறது.

கன்னமோ தாடையோ வீங்கியிருக்கிறது

முதலில் நான்கு கேள்விகள். எச்சிலை விழுங்க முடிகிறதா? நாக்கை வெளியே நீட்ட முடிகிறதா? பேச்சு வழக்கம்போல இருக்கிறதா, வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசுவதுபோலக் குழறுகிறதா? வீக்கம் தாடை எலும்பின் விளிம்போடு நிற்கிறதா, கழுத்துக்கு இறங்கிவிட்டதா?

எச்சில் கடைவாயில் வழிகிறது, நாக்கு மேலே தூக்கி நிற்கிறது, தாடைக்கு அடியில் தொட்டால் கெட்டியாக இறுகியிருக்கிறது, மூச்சு வாங்குகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்கக் கூடாது. கண் மூடிக்கொள்ளும் அளவுக்குக் கன்னம் வீங்கினாலும், வீக்கத்தோடு குளிர் காய்ச்சலும் மயக்கமும் வந்தாலும் அப்படித்தான். சுவசெரிய அம்பியூலன்ஸ் 1990, இலவசம். அழைக்கும்போது தோட்டத்தின் பெயரோடு டிவிசன், எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும், வாகனம் லயம்வரை வருமா என்பதையும் சொல்லுங்கள். ஒருவர் டோர்ச் லைட்டோடு சந்தியில் நிற்கட்டும். தோட்ட லொறியோ ஆட்டோவோ முன்னதாகக் கிடைத்தால் அதில் ஏற்றுங்கள்.

போகும் இடம் சிறிய மருந்தகமாக இல்லாமல், இரவிலும் வைத்தியரும் மயக்க மருந்து வசதியும் உள்ள ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும். டிக்கோயா ஆதார வைத்தியசாலை, நுவரெலியா, நாவலப்பிட்டி, பதுளை, கண்டி என்று எது கிட்டவோ அது. பேராதனை பல் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவதா என்பதை அங்குள்ள வைத்தியர்கள் முடிவு செய்வார்கள். மூச்சு முட்டும் ஆளை வைத்துக்கொண்டு நேரே பேராதனைக்கு ஓட்டக் கூடாது. நடுவழியில் மூச்சு நின்றால் அங்கே செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

வாகனம் வரும்வரை ஆளை உட்கார வைத்து, சற்று முன்னே சாய்ந்திருக்க விடுங்கள். படுக்க வைத்தால் தூக்கி நிற்கும் நாக்கு பின்னால் சரிந்து அடைக்கும். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் சாப்பிடவும் குடிக்கவும் ஒன்றும் வேண்டாம். சிங்களம் பேசும் ஊழியரிடம் சொல்ல இரண்டு வாக்கியங்கள் போதும்: 'ஹுஸ்ம கன்ன அமாருயி', மூச்சு விடக் கஷ்டம், 'கிலின்ன பேஹே', விழுங்க முடியவில்லை. பல் வலி என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்? கீழே பின்பக்கக் கடைவாய்ப் பற்களின் வேர்நுனி, வாயின் அடித்தளமாக விரிந்திருக்கும் தசைக்கும் கீழே போய் முடிகிறது. அங்கே கட்டும் சீழ் வாய்க்குள் உடையாமல் கழுத்துப் பக்கம் வழி தேடும். இரு பக்கமும் பரவிவிட்டால் நாக்கு மேலே தள்ளப்பட்டு, சில மணி நேரத்திலேயே மூச்சுப் பாதை குறுகிவிடும்.

மேலே சொன்ன எதுவும் இல்லை, முரசில் (ஈறில்) கொப்புளமோ கன்னத்தில் சிறு வீக்கமோ மட்டும் என்றால் மறுநாள் காலை கிளினிக் போதும். நீரிழிவு உள்ளவர் மட்டும் அன்றைக்கே போக வேண்டும். சர்க்கரை ஏறிய உடம்பில் சீழ் ஒரே இரவில் பரவும். அதுவரை ஒரு கப் இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு 3 மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கம் தேக்கி வைத்துத் துப்பலாம். வெளியே சூட்டு ஒத்தடம், தைலம், மஞ்சள் பற்று வேண்டாம். ஊசியால் குத்தி உடைக்கவே வேண்டாம்.

இங்கே ஒரு பழைய நம்பிக்கை நிறையக் கெடுதல் செய்கிறது: வீக்கம் இருக்கும்போது பல்லைப் பிடுங்கக் கூடாதாம். அநேக சமயம் பல்லைக் கழற்றுவதோ சீழை வெளியே விடுவதோதான் வைத்தியம். வீட்டில் மிச்சமிருந்த அமொக்சிசிலினை நாலு வேளை போட்டால் வீக்கம் வற்றும். கிருமி இருக்கும் வேர் அப்படியே இருக்கும். அடுத்த முறை இன்னும் வேகமாக வீங்கும். வைத்தியர் மெட்ரோனிடசோல் கொடுத்திருந்தால், அது முடிந்து 2 நாள்வரை சாராயத்தைத் தொட வேண்டாம். வாந்தியும் படபடப்பும் வரும்.

பல் முழுதாகக் கழன்று விழுந்துவிட்டது

பந்து பட்டோ, படியில் சறுக்கியோ, கானில் விழுந்தோ முன்பல் வேரோடு கையில் வந்துவிட்டது. கடிகாரத்தைப் பாருங்கள். உலர்ந்த நிலையில் 30 நிமிடத்துக்குள் பல் குழிக்குள் திரும்பினால் பிழைக்க நல்ல வாய்ப்பு. 60 நிமிடம் உலர்ந்தால் வேரின் மேல் ஒட்டியிருக்கும் உயிரணுக்கள் செத்துவிடும். எலும்போடு பல்லைப் பிணைப்பவை அவைதான்.

நிலைத்த பல்லா, பாற்பல்லா என்பது முதல் கேள்வி. 6 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் அநேகமாகப் பாற்பல். அதைத் திரும்பச் செருகக் கூடாது, அடியில் வளரும் நிலைத்த பல்லின் முளை கெட்டுவிடும். 6 முதல் 8 வரை குழப்பம் வரும். புதிதாக முளைத்த நிலைத்த முன்பல் அகலமாக இருக்கும், கடிக்கும் விளிம்பில் மூன்று சிறு மேடுகள் தெரியும், நிறமும் பாற்பல்லைவிடச் சற்று மஞ்சள். சந்தேகம் தீரவில்லையா? செருகாமல் பாலில் போட்டுக் கொண்டு போங்கள்.

நிலைத்த பல் என்றால்:

1. வெள்ளையாகத் தெரியும் தலைப்பகுதியில் பிடித்து எடுங்கள். வேரில் விரல் படக் கூடாது.
2. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சுத்தமான குளிர்ந்த நீரிலோ 10 விநாடி மட்டும் அலசுங்கள். தேய்ப்பது, சவர்க்காரம், டெட்டோல், துணியால் துடைப்பது எல்லாம் அந்த உயிரணுக்களை உரித்துவிடும்.
3. புடைத்த வழவழப்பான பக்கம் உதட்டை நோக்கி இருக்க, பக்கத்துப் பல்லின் மட்டத்துக்கு மெதுவாக அழுத்திச் செருகுங்கள். உள்ளே போகாமல் தடுத்தால் பலம் பிரயோகிக்க வேண்டாம்.
4. சுத்தமான கைக்குட்டையை மடித்துக் கடித்தபடி புறப்படுங்கள்.

செருக முடியவில்லை என்றால் பாலில் போடுங்கள். வீட்டில் பசு இருந்தால் கறந்து ஆறிய பால், கடையில் சீனியோ வாசனையோ சேர்க்காத பக்கற் பால். மேட்டு லயங்களில் பால் கிடைக்காத நேரமும் உண்டு. வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பொட்டலம் இருந்தால் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுப்படி கரைத்து அதில் போடலாம். அதுவும் இல்லையா? அடிபட்டவரே ஒரு சிறு கிண்ணத்தில் எச்சிலைத் துப்பி, பல்லை அதில் முக்கி வைக்கட்டும், அல்லது எச்சில் தடவிச் சமையலறை பிளாஸ்டிக் தாளில் காற்றுப் புகாமல் சுற்றட்டும். டிஷூவில் பொதிந்து சட்டைப் பையில் வைப்பதுதான் வழக்கமாக நடப்பதும், பல் செத்துப் போவதற்கு முதல் காரணமும். வெறும் தண்ணீரில் ஊற விடுவதும் நல்லதல்ல. உயிரணுக்கள் நீரை உறிஞ்சி வெடிக்கும்.

ஆள் மயக்கத்தில் இருந்தாலும், இதய வால்வு நோயாளியாக இருந்தாலும் வாயில் செருக வேண்டாம், பாலில் வைத்துக் கொண்டு போங்கள். ஒரு மணி நேரம் தாண்டிவிட்டாலும் பல்லை எறியாதீர்கள். முடிவை வைத்தியர் எடுக்கட்டும். அங்கே பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் ஏறத்தாழ 2 வாரம் கட்டி வைப்பார்கள். வேர் முழுதாக வளர்ந்த பல்லுக்கு அந்த 2 வாரத்துக்குள் ரூட் கெனால் (வேருக்குள் உள்ள நரம்பை எடுத்து அடைக்கும் சிகிச்சை) தொடங்க வேண்டும். பல் கெட்டியாகிவிட்டது என்று இந்த இரண்டாவது பயணத்தை விட்டுவிட்டால், பல மாதம் கழித்து வேர் கரையும். மண்ணில் விழுந்த காயம் என்றால் ஏற்புவலித் தடுப்பூசி எப்போது போட்டது என்றும் கேட்பார்கள்.

பல் உடைந்தது, ஆடுகிறது, உள்ளே போய்விட்டது

உடைந்த இடத்தின் நடுவே சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ புள்ளி தெரிந்தால் நரம்பு திறந்திருக்கிறது. அன்றைக்கே காட்ட வேண்டும். வெள்ளை அல்லது மஞ்சள் மட்டும் தெரிந்தால் இரண்டு மூன்று நாளில் போகலாம். உடைந்த துண்டை நீரிலோ பாலிலோ போட்டு எடுத்துச் செல்லுங்கள். பல நேரம் அதையே ஒட்டிவிடலாம். துண்டு கிடைக்கவில்லை, உதடு கிழிந்து வீங்கியிருக்கிறது என்றால் அது உதட்டுக்குள் புதைந்திருக்கக்கூடும், வைத்தியரிடம் சொல்லுங்கள். விழுந்ததிலிருந்து இருமல் விடவில்லை என்றால் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம்; உடனே எக்ஸ்ரே வேண்டும்.

பாற்பல் உள்ளே குத்திப் போயிருந்தால் இழுக்காதீர்கள். பெரும்பாலும் தானாக இறங்கும், ஆனால் காட்ட வேண்டும்.

கவ்வாத்து வெட்டிய மலையில் விழுந்து முகம் அடிபட்டால் முதலில் தலையைப் பாருங்கள்: நினைவு தப்பியதா, வாந்தி வருகிறதா? பிறகு கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பற்கள் பழையபடி பொருந்தவில்லை, கீழ் உதடு மரத்திருக்கிறது என்றால் தாடை எலும்பு முறிந்திருக்கலாம். கையால் தாங்கியபடி ஆஸ்பத்திரிக்குப் போகலாம். வாந்தி வரும் ஆளுக்குத் தாடையைத் துணியால் கட்டிவிடாதீர்கள்.

இரத்தம் நிற்கவில்லை

பல் பிடுங்கிய அன்று எச்சில் இளஞ்சிவப்பாக வருவது வழக்கம்தான். ஒரு சொட்டு இரத்தம் எச்சிலில் கலந்தால் வாய் நிறைய இரத்தம்போலத் தெரியும். வாய் நிறைந்து வழிந்தால் மட்டும் இப்படிச் செய்யுங்கள்: குழியின் மேல் ஈரல் துண்டுபோலத் தொங்கும் கட்டியைச் சுத்தமான துணியால் துடைத்து எடுங்கள், அது இருக்கும்வரை அழுத்தம் குழியில் படாது. பிறகு துணியைச் சிறிதாக, கெட்டியாக மடித்து நேரே குழியின் மேல் வைத்து, கடிகாரம் பார்த்து 20 நிமிடம் கடிக்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பதுதான் இரத்தம் நிற்காததற்கு முக்கியக் காரணம்.

நிற்கவில்லையா? தேயிலைப் பையொன்றைச் சுடுநீரில் நனைத்து, ஆறவிட்டுப் பிழிந்து, இன்னும் 20 நிமிடம். சாயத்தில் உள்ள டனின் இரத்தம் உறையக் கைகொடுக்கும். தேயிலைத் தூளை அப்படியே குழியில் அப்ப வேண்டாம், தூள் உள்ளே தங்கிக் கிருமி பிடிக்கும். இரண்டு சுற்றுக்குப் பிறகும் வழிந்தால் எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரி. இரத்தம் உறையாமல் இருக்க வோபரின், குளோபிடோகிரல் குடிப்பவர்கள் இரண்டாம் சுற்றுக்குக் காத்திருக்க வேண்டாம். அந்த மாத்திரையைத் தானாக நிறுத்தவும் வேண்டாம். கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டு போங்கள்.

முதல் 24 மணி நேரம் கொப்பளிப்பது, துப்புவது, உறிஞ்சிக் குடிப்பது, சுடச்சுடச் சாயத்தண்ணி, வெற்றிலை, சுருட்டு எதுவும் இல்லை.

பல் பிடுங்காமலே முரசில் இரத்தம் கசிகிறது, கூடவே காய்ச்சல், தோலில் சிவப்புப் புள்ளிகள் என்றால் அது பல் வருத்தமாக இருக்காது. டெங்கு இருக்கலாம், அன்றைக்கே இரத்தப் பரிசோதனை வேண்டும்.

இரவில் தாங்க முடியாத வலி

குளிர்ந்தது பட்டதும் சுள்ளென்று வந்து சில விநாடியில் போனால் நரம்பு இன்னும் பிழைத்திருக்கிறது; பல்லை அடைத்தால் சரியாகலாம். பட்டது போன பிறகும் அரை நிமிடத்துக்கு மேல் நின்று வலிப்பது, படுத்தால் கூடுவது, தானாகத் துடிப்பது எல்லாம் நரம்பு மீளாது என்பதற்கு அடையாளம். ரூட் கெனால் அல்லது கழற்றுவது, இரண்டில் ஒன்று. பைப்பில் வரும் குளிர்ந்த நீரை வாயில் வைத்தால்தான் வலி அடங்குகிறது என்றால் நரம்பு சாகும் கட்டத்தில் இருக்கிறது. இரண்டொரு நாளில் வலி திடீரென்று விட்டுவிடும். சுகமாகிவிட்டது என்று எண்ணி கிளினிக்கைக் கைவிடுவது அப்போதுதான். சில வாரத்தில் அதே ஆள் வீக்கத்தோடு வருவார். வீக்கமில்லாத இந்த வலிக்கு அன்டிபயோடிக் ஒன்றும் செய்யாது.

மாத்திரைக் கணக்கு: வளர்ந்தவருக்கு 500 மி.கி. பெனடோல் (பரசிட்டமோல்) 2, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, 24 மணி நேரத்தில் 8க்கு மேல் போகக் கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்தவருக்கு இது அதிகம். ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 15 மி.கி. என்பது வரம்பு, 40 கிலோ உள்ளவருக்கு ஒரு மாத்திரையோடு நிறுத்துவது நல்லது. தினமும் குடிப்பவர்களும் குறைக்க வேண்டும். தடிமன் மாத்திரைகள் பலவற்றில் பரசிட்டமோல் கலந்திருக்கும், இரண்டையும் சேர்த்து எண்ணுங்கள். அது போதாவிட்டால் சாப்பிட்ட பின் ஐபுபுரோபன் 400 மி.கி., 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 3. இரண்டையும் சேர்த்து எடுத்தால் தனித்தனியாக எடுப்பதைவிட நன்றாக வேலை செய்யும். வயிற்றுப் புண், சிறுநீரக வருத்தம், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஐபுபுரோபனைத் தொடக் கூடாது. காரணம் தெரியாத காய்ச்சல் இருக்கும்போதும் வேண்டாம்; டெங்கு என்றால் இரத்தப் போக்கைக் கூட்டும். பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

கராம்பு எண்ணெய் வேலை செய்யும், அளவோடு. குழியில் மாட்டிய சாப்பாட்டைக் கொப்பளித்து அகற்றி, பஞ்சில் ஒரு சொட்டு விட்டு, அதைக் குழிக்குள் மட்டும் வையுங்கள். முரசில் பட்டால் வெந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். அஸ்பிரினை நசுக்கிப் பல்லோரம் வைப்பது, மண்ணெண்ணெய், பற்றரித் தண்ணீர், புகையிலை அடக்குவது ஆகியவற்றால் பல் வலியோடு வாய்ப் புண்ணும் சேர்ந்துகொள்ளும்.

கர்ப்பிணி என்பதற்காகப் பல் சிகிச்சையைப் பிரசவம்வரை தள்ள வேண்டியதில்லை. அவசரம் என்றால் எந்த மாதத்திலும் செய்யலாம். கர்ப்பகாலப் பதிவேட்டைக் காட்டுங்கள்.

பிடுங்கி மூன்றாம் நாள் வலி கூடுகிறது

சாதாரணமாக வலி நாளுக்கு நாள் குறையும். 2ஆம் நாளுக்கும் 4ஆம் நாளுக்கும் இடையே மறுபடி ஏறி, காதுவரை இழுத்து, வாய் நாறினால் குழியில் இருந்த இரத்தக் கட்டி கழன்று எலும்பு திறந்துவிட்டது. புகைப்பவர்களுக்கு அதிகம் வரும். கழுவி மருந்து வைத்தால் அன்றைக்கே தணியும். குழியை ஈர்க்குச்சியால் கிண்டாதீர்கள்.

வாய் திறக்கவில்லை, அல்லது மூடவில்லை

தன் கையின் மூன்று விரல்களை மேலும் கீழுமாக முன்பற்களுக்கிடையே வைக்க முடிந்தால் சரி. இரண்டுதான் போகிறது, ஓரிரு நாளில் வந்தது, கடைசிக் கடைவாய்ப் பல் பக்கம் முரசு வீங்கியிருக்கிறது என்றால் ஞானப்பல் மேல் மூடிய முரசில் கிருமி பிடித்திருக்கும். உப்பு நீரும் மறுநாள் கிளினிக்கும். ஒரு விரல்கூடப் போகவில்லை, விழுங்கக் கஷ்டம், காய்ச்சல் என்றால் மேலே சொன்ன வீக்கத்தைப் போல உடனே ஆஸ்பத்திரி. மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறுகிவந்தால், சம்பலில் உள்ள கொச்சிக்காய் பட்டாலே வாய் எரிந்தால், அது வெற்றிலை பாக்கு போடுபவர்களுக்கு வரும் வாய் உள்தோல் இறுக்கம். வலிக்காது, அதனால் காட்ட மாட்டார்கள், புற்றுநோயாக மாறக்கூடியது. இதற்கும், 2 வாரத்தில் ஆறாத புண்ணுக்கும், வெள்ளை சிவப்புத் திட்டுக்கும் இரவில் ஓட வேண்டாம், ஆனால் அந்த வாரத்தைத் தாண்டவும் வேண்டாம்.

கொட்டாவி விட்டதும் வாய் திறந்தபடியே நின்றுவிட்டால் மூட்டு விலகியிருக்கிறது. அடித்து மூட முயலாதீர்கள். தசை இறுகுவதற்கு முன் போனால் வைத்தியர் சில நிமிடத்தில் ஏற்றிவிடுவார்.

பல் நன்றாக இருக்கிறது, தாடை வலிக்கிறது

ஏற்றம் ஏறும்போது கீழ்த் தாடை வலித்து, உட்கார்ந்தால் விடுகிறது, தட்டினால் எந்தப் பல்லும் வலிக்கவில்லை: இதயத்தைச் சந்தேகியுங்கள். உட்கார்ந்த பிறகும் விடவில்லை, வியர்க்கிறது, நெஞ்சு அழுத்துகிறது என்றால் பல் கிளினிக் வரிசையில் நிற்க வேண்டாம், 1990. தடிமனுக்குப் பிறகு மேல் கடைவாய்ப் பற்கள் மூன்று நான்கு ஒன்றாக வலித்து, கொழுந்து எடுக்கக் குனியும்போது கூடினால் அநேகமாகப் பீனிசம். பல்லைப் பிடுங்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.

காத்திருக்கக் கூடியவை

அடைத்தது விழுந்தது, பல்லுக்குப் போட்ட கப் கழன்றது, பல்லில் கட்டிய கம்பி கன்னத்தில் குத்துகிறது. கம்பி நுனியில் மெழுகு ஒட்டலாம், கழன்ற கப்பைப் பத்திரமாகக் கொண்டு போகலாம். சுப்பர் குளூவால் ஒட்டாதீர்கள். 3 முதல் 13 வயதுவரையான பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பல் கிளினிக் இருக்கிறது. மற்றவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரி பல் கிளினிக்கில் காலையில் நம்பர் துண்டு எடுக்க வேண்டும். முதல் பஸ்ஸில் இறங்கினால்தான் முன்வரிசை நம்பர் கிடைக்கும். போகும்போது சாப்பிட்டுவிட்டு, வழக்கமான மாத்திரைகளைப் போட்டுவிட்டு, மாத்திரை உறைகளையும் எடுத்துப் போங்கள்.